நாற்பது நாற்காலி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

தலைவர். மேசையின் தலைமாட்டில், காற்றாடிக்கு நேர் கீழே.

செயலாளர் அம்மா. அவருக்கு வலப்பக்கம், மூன்று நிறப் பேனாக்களோடு. இந்த அம்மாவின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயில் பெரிய கிராணி, அதாவது குமாஸ்தா. அதை வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

விரிவுரையாளர். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர். சிலைடுப் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.

பொருளாளர். ஈப்போவிலிருந்து வந்தவர். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இவர்கள் செலவுக்குப் பணம் அனுப்பும் வெளிநாட்டுச் சங்கத்தைச் சேர்ந்தவர்.

கதவோரம் கறிபாப் பலகாரத் தட்டோடு நான். அவர்களுடைய வேன் டிரைவர்.

இடம் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ். கடைவீட்டு மாடி. கீழே பூக்கடை. பதினெட்டுச் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு அது. உலகத்தில் ஏழ்மையை ஒழிப்பது அதன் வேலை. நான் கேலி செய்யவில்லை. கதவில் அப்படித்தான் மூன்று மொழியில் எழுதியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். குளிர் நாடு ஒன்றில் உலக மாநாடு வரப் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். ஏழை மக்களைப் பற்றிய மாநாடு. இவர்களுக்கு மூன்று இடம். கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. இரண்டு மணி நேரம், யார் போவது என்பதற்கே போய்விட்டது. கத்தவில்லை. ஒருவரை ஒருவர் புகழ்ந்தே சண்டை போட்டார்கள். கடைசியில் தலைவர், செயலாளர் அம்மா, விரிவுரையாளர் என்று முடிவானது. பொருளாளர் செருப்பை மாட்டிக்கொண்டு, கறிபாப்பைக்கூடத் தொடாமல், ஈப்போ பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு வெள்ளைக்காரப் பெண்மணி ஏதோ சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம். கூட்டத்தின் நடுவில் அவர் என்னைப் பார்த்துப் பேசியது அன்றுதான்.

"டிரைவர், உங்க லயத்துல எத்தனை வீடு?"

"இருபத்தெட்டு, ஐயா."

"நாப்பது பேரு வர முடியுமா?"

"எங்க?"

"ஹோட்டலுக்கு. கோலாலம்பூர்ல. பல நாட்டுலேருந்து ஆளுங்க வர்றாங்க. மக்கள் பேசறத நேர்ல கேக்கணும்ங்கறாங்க."

எங்கள் லயம் கிள்ளானுக்கு வெளியே. ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனி வாங்கியது. மரத்தை எல்லாம் தள்ளிவிட்டார்கள். நாங்கள் மட்டும் மிச்சம். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே நாலைந்து வீடு, நடுவில் பொதுச் சுவர். அப்படி ஆறு லயம். மூன்று தடவை நோட்டீஸ் ஒட்டினார்கள். போக இடமில்லை.

ஒரு வக்கீல் காசு வாங்காமல் சொன்ன யோசனை இது. ஆள் உள்ளே இருக்கும் வீட்டில் கம்பெனிக்காரன் கை வைக்க மாட்டான். போலீஸ், கேஸ் என்று இழுக்கும். ஆள் இல்லை என்றால் காலி வீடு என்று எழுதிவிட்டுத் தள்ளுவான். ஒரு வீட்டில் ஆள் இருந்தால் போதும், பொதுச் சுவர் என்பதால் அந்தக் கூரை முழுக்கத் தப்பிக்கும்.

அதனால் முறை வைத்தோம். ஒரு கூரைக்கு ஒருவர். தினமும் ஆறு பேர் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்காருவார்கள். முனை வீட்டு வாசலை ஒட்டி, பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகை பக்கத்தில், அந்தக் காலத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அடித்த தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. லோரி வந்தால் அதை அடிக்க வேண்டும். கம்பெனி மண்டோர், ஆட்களை ஏவும் மேஸ்திரி, இரண்டு தடவை புல்டோசரோடு வந்தான். இரும்புச் சத்தம் கேட்டதும் ஆறு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். திரும்பிப் போனான். பதினோரு மாதம் இப்படித்தான் பிடித்து வைத்திருந்தோம். கூட்டம் போடவில்லை. யாரும் தலைவர் இல்லை.

இதைத் தலைவரிடம் சொன்னேன்.

"ஆறு பேரு வீட்டுல இருக்கணும், ஐயா. மத்தவங்கள கூட்டிட்டு வரேன். முப்பத்துமூணு, முப்பத்துநாலு பேரு தேறும்."

செயலாளர் அம்மா பேனாவை வைத்தார். "ஒரு நாள்தானே லா. ஒரு நாள்ல என்னா ஆயிடப் போகுது?"

"அவங்கள வேணா அங்க கூட்டிட்டு வாங்கம்மா. நேரா பாக்கட்டும்."

"ரோடு சேறு. வெளிநாட்டுக்காரங்க. அதுவும் ஒரு நாள் புரோகிராம்."

தலைவர் கையை உயர்த்தினார். "டிரைவர், கேளுங்க. அன்னிக்கு அமைச்சரோட அரசியல் செயலாளர் வர்றாரு. உங்க மனுவ நான் அவரு கையில குடுக்கறேன். குடுக்கும்போது பின்னால உங்க ஆளுங்க எல்லாரும் நிக்கணும். நாப்பது நாற்காலி போடச் சொல்லியாச்சு. பாதி நாற்காலி காலியா கெடந்தா, அவரு என்னா நெனைப்பாரு? யாருக்கும் அக்கறை இல்லன்னுதானே நெனைப்பாரு?"

மனு எங்களுடையது. ஒரே பக்கம். மாற்று வீடு கொடுக்கும் வரை இடிக்கக் கூடாது. அவ்வளவுதான். இருபத்தெட்டு வீட்டிலும் கைநாட்டும் கையெழுத்தும் நான்தான் வாங்கினேன். ஏழு மாதமாகத் தலைவரின் கோப்பில் இருந்தது.

மனு போய்ச் சேரும் என்று சொன்னதும் நான் மடங்கிவிட்டேன். சரி என்றேன்.

ஹோட்டல் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு செயலாளர் அம்மா மூன்று உறை கொடுத்தார். மூன்று பத்திரிகை ஆபீசில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். உள்ளே இருந்தது இங்கிலீஷ். எனக்குத் தமிழே ஆறாம் வகுப்பு வரைதான். உறை ஒட்டாமல் இருந்தாலும் படித்திருக்க முடியாது. மறுநாள் ஒரு பத்திரிகையில் வந்தது. செயலாளர் அம்மா அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் குத்தினார். எங்கள் லயத்தின் பெயர் மட்டும் எனக்குத் தெரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று பிறகுதான் ஒருவர் படித்துச் சொன்னார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு இன்ன ஹோட்டலில், இன்ன தோட்டத்து மக்கள் அனைவரும் கலந்துகொள்கிறார்கள். அனைவரும் என்று எழுதியிருந்தது.

கம்பெனியும் பத்திரிகை படிக்கும். இவர்களுக்கு அது தோன்றவில்லை. உலகத்துக்கே அறிக்கை எழுதுகிறவர்கள்.

லயத்தில் நான் போய்ச் சொன்னேன். முனை வீட்டு அக்கா ஒருவர்தான் எதிர்த்தார். பால்மரம் வெட்டிய கை. புருஷன் இல்லை. பிள்ளைகள் ஜொகூரில். தனியாள்.

"எல்லாரும் போயிட்டா இரும்ப யாரு அடிப்பா?"

"ஒரு நாள்தானேக்கா." செயலாளர் அம்மா சொன்னது அப்படியே என் வாயில் வந்தது.

"ஒரு நாள்தான் அவனுக்கும் வேணும்."

"உங்களுக்கும் நாற்காலி போட்டிருக்காங்க. ஏர்கான். சாப்பாடு."

"நாற்காலிய நீயே வச்சுக்க. ஒங்க தலைவரு என்னா, கல்யாண மாப்பிள்ளையா, எல்லாரும் பின்னால போயி நிக்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "வயசானா புத்தி போயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்னதுதான். மறைக்கவில்லை.

புதன்கிழமை ஒரு பள்ளி பஸ்ஸை வாடகைக்கு எடுத்தார்கள். வேனில் ஏறியவர்கள் போக மிச்சம் பேர் பஸ்ஸில். கைக்குழந்தைகளை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. முப்பத்தொன்பது பேர். அக்கா போக, காவலுக்கு உட்கார வேண்டிய மற்ற ஐந்து பேரையும் நான்தான் ஏற்றினேன். என் மனைவி கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். பெண்கள் எல்லோரும் பூ வைத்திருந்தார்கள். ஆண்கள் தீபாவளிச் சட்டை.

ஹோட்டல் வாசலில் செயலாளர் அம்மா நின்றிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்தார். முகம் சுருங்கியது. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"என்னா இது? எல்லாரும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருக்காங்க?"

"பெரிய இடம்னு சொன்னேம்மா."

"வேலைக்குப் போற துணியிலயே வரச் சொல்லியிருக்கலாமே. பாக்கறவங்களுக்கு எப்படிப் புரியும்?"

நான் அவர் கையைப் பார்த்தேன். மூன்று மோதிரம்.

உள்ளே நாற்பது நாற்காலி. ஓரத்தில், மேடைக்குப் பக்கவாட்டில். வெளிநாட்டுக்காரர்களுக்கு மேசை, தண்ணீர்க் குவளை, மிட்டாய். எங்களுக்கு நாற்காலி மட்டும். தலைவர் வந்து பார்வையாலே எண்ணினார். நாற்காலியைத்தான் எண்ணினார்.

"ஒன்னு காலியா இருக்கே."

"ஒரு அக்கா வரல, ஐயா."

"நீங்க உக்காருங்க. நீங்களும் லயந்தானே?"

உட்கார்ந்தேன். நாலு வருடம் வேன் ஓட்டினேன். அன்று ஏழை ஆனேன்.

விரிவுரையாளர் விளக்கை அணைத்துவிட்டு சிலைடு காட்டினார். எங்கள் சாக்கடை. எங்கள் தண்ணீர்க் குழாய். அடுத்தது ஒரு கக்கூஸ், கதவு இல்லாமல் சாக்குத் தொங்கியது. என் மனைவி என் கையைப் பிடித்தாள். அது எங்கள் கக்கூஸ். அந்தச் சாக்கை அவள்தான் தைத்தாள். திரையில் ஆள் உயரத்துக்கு நின்றது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். அவள் பட்டுப் புடவையின் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். எப்போது படம் எடுத்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

பிறகு மக்கள் பேச வேண்டும் என்றார்கள். மைக்கை என் மனைவி கையில் கொடுத்தார்கள். அவள் எழுந்தாள்.

"எங்க வீட்ட இடிக்காம இருந்தா போதும்."

ஐந்து சொல். உட்கார்ந்துவிட்டாள். செயலாளர் அம்மா அதை இங்கிலீஷில் சொன்னார். ஐந்து நிமிடம் சொன்னார். நடுவில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் ஆட்களும் தட்டினார்கள், எதற்கென்று தெரியாமல்.

அப்போது மணி பதினொன்றரை. எங்கள் வீடு விழுந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. எங்களுக்கு அது தெரியாது.

அமைச்சரின் அரசியல் செயலாளர் பன்னிரண்டரைக்கு வந்தார். நேராகச் சாப்பாட்டுக்குப் போனார். ஆட்டுக்கறி, இறால், பழம். தலைவர் அவர் கூடவே தட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெளிநாட்டுப் பேராளர்கள் சாப்பிட்ட பிறகு எங்களை வரச் சொன்னார்கள். நாங்கள் சுவரோரம் நின்றோம். அந்த மனிதர் தலைவர் தோளில் தட்டினார். இருவரும் சிரித்தார்கள். படம் எடுத்தார்கள். பல்குத்தும் குச்சியோடு லிஃப்டுக்குள் போனார். கதவு மூடியது.

நான் தலைவரிடம் போனேன்.

"மனு, ஐயா?"

"இன்னிக்கு மூடு சரியில்ல, டிரைவர். இவருகிட்ட சாப்பாட்டு நேரத்துல பேப்பர் நீட்டக் கூடாது. மரியாதை இல்ல. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

கோப்பு அவர் கக்கத்தில் இருந்தது. திறக்கவே இல்லை.

"பின்னால எல்லாரும் நிக்கணும்னு சொன்னீங்க."

"நின்னாங்கல்ல? அவரு பாத்தாரு லா."

மிச்சமிருந்த சாப்பாட்டை எங்கள் ஆட்கள் சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. ரோஷம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குச்சிதான் கண்ணிலேயே நின்றது.

நாலு மணிக்குக் கிளம்பினோம். பெடரல் ஹைவேயில் ஜாம். லயத்துக்குத் திரும்பும் மண் ரோட்டில் வேனைத் திருப்பும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்தத் திருப்பத்தில் எப்போதும் ஆறு கூரை தெரியும். அன்று ஒன்று தெரிந்தது.

வேனில் இருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்கள். பட்டுப் புடவையோடு தகரத்தையும் பலகையையும் தூக்கித் தேடினார்கள். அரிசி மண்ணோடு கலந்து கிடந்தது. ஒரு தையல் மெஷின் நசுங்கிக் கிடந்தது. சாமிப் படம், பள்ளிப் புத்தகம், குக்கர் மூடி. என் மனைவி எங்கள் வீடு இருந்த இடத்தில் நின்று இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பொதுச் சுவர் போனால் எது யார் வீடு என்று தெரியாது.

முனை வீட்டு அக்கா தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இரும்பு அடிக்கிற கம்பி கையிலேயே இருந்தது. உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அவர் கூரையின் கீழ் இருந்த ஐந்து வீடும் அப்படியே நின்றன.

"பத்து மணிக்கு வந்தான். மண்டோரு கையில நியூஸ் பேப்பர். 'எல்லாரும் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போயிட்டாங்களே, ஒன்ன மட்டும் வுட்டுட்டாங்களா அக்கா'ன்னு கேட்டான்."

அவர் கம்பியைப் படியில் வைத்தார்.

"அடிச்சேன். கை போற வரைக்கும் அடிச்சேன். கேக்க யாரு இருக்கா?"

டெலிபோன் இருப்பது ஒரு மைல் தள்ளி, சீனன் மளிகைக் கடையில். அவர் அதுவரை போயிருந்தால் அந்த ஒரு கூரையும் போயிருக்கும். அவருக்கு அது தெரியும். அதனால் வாசலைவிட்டு நகரவில்லை. மற்றது எல்லாம் விழுவதை உட்கார்ந்தே பார்த்திருக்கிறார்.

புத்தி போய்விட்டது என்று நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் தலைவரும் விரிவுரையாளரும் காரில் வந்தார்கள். சேற்று ரோடு அன்று அவர்களுக்குத் தடையாக இல்லை. விரிவுரையாளர் இரண்டு கேமரா கொண்டுவந்திருந்தார். தலைவர் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தகரத்தின் மேல் ஏறி நின்று பார்த்தார்.

"இது நம்ம கேஸுக்கு ரொம்ப ஸ்ட்ராங்" என்றார் விரிவுரையாளரிடம். "மாநாட்டுல இதயே முன்னால வச்சிடலாம்."

குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்குக் கீழே சந்தோஷம் இருந்தது. அதை நான் பார்த்தேன். அழுகின சாமானை முகர்ந்தால் வருமே, அப்படி ஒன்று எனக்கு மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கியது. இன்றும் அந்த ஆளை நினைத்தால் வருகிறது.

தலைவர் முனை வீட்டு அக்காவைப் பார்த்து, "அம்மா, அந்தத் தகரத்து மேல கொஞ்சம் உக்காருங்க. ஒரு படம்" என்றார்.

"என் வீடு நிக்குது. நான் எதுக்கு அங்க உக்காரணும்? நீ உக்காரு."

தலைவர் சிரித்தார், கேட்காத மாதிரி. கடைசியில் எதிர் வீட்டுப் பையனை உட்காரவைத்து எடுத்தார்கள். தீபாவளிச் சட்டை போட்டிருந்தான். வேறு சட்டை கிடைக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினான்.

காருக்குப் போகும்போது தலைவரிடம் மனுவைப் பற்றி மறுபடியும் கேட்டேன்.

"வீடே இல்லாதப்ப இடிக்காதன்னு மனு எப்படிக் குடுக்கறது, டிரைவர்? வேற எழுதணும்."

சாவியை அவர் முகத்தில் எறிந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எறியவில்லை. பிள்ளைகளைச் செந்தூலில் மச்சான் வீட்டில் விட்டிருந்தேன். வேலை வேண்டும். அவர்கள் மாநாட்டுக்குக் கிளம்பிய நாள்வரை ஓட்டினேன். சுபாங் ஏர்போர்ட்டுக்கு மூன்று பேரையும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் குளிர்க் கோட்டைப் பற்றிப் பேச்சு. தலைவருக்குக் கோட்டின் கை நீளமாம். கடைசி வரை சரியாகவில்லை.

அதற்கு முதல் நாள். பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில் செயலாளர் அம்மா அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டியது. ஹோட்டல் கூட்டத்துக்கு அவர்கள்தான் பணம் கொடுத்தார்களாம். ஒரு பாரம், பெட்டி பெட்டியாக அச்சடித்த படிவம், நிரப்ப வேண்டும். ஓர் இடத்தில் பேனா நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"டிரைவர், உங்க லயத்து விஷயம். புரோகிராம்னால எத்தனை குடும்பத்துக்குப் பலன் கிடைச்சுதுன்னு கேக்கறாங்க. நாப்பது பேருன்னா குடும்பம் எத்தனை வரும்?"

நான் அவரைப் பார்த்தேன். கேலி இல்லை. உண்மையாகத்தான் கேட்டார்.

"காலியா வுடலாம்மா."

"காலியா வுடக் கூடாது லா. திருப்பி அனுப்பிடுவாங்க. நம்பர் மட்டும் போதும்."

"நான் எழுதட்டா?"

"எழுதுங்க. இங்க. இந்தப் பெட்டிக்குள்ள."

பாரத்தை என் பக்கம் தள்ளினார். நீலப் பேனாவைக் கொடுத்தார். மற்றது எல்லாம் எனக்குப் புரியாத இங்கிலீஷ். எண் மட்டும் எல்லா மொழியிலும் ஒன்றுதான். முதல் லயம், இரண்டாவது லயம் என்று மனதுக்குள் வாசல் வாசலாக நடந்து எண்ணினேன். என் வீட்டையும் எண்ணினேன். முனைக் கூரையின் ஐந்து வீட்டை மட்டும் விட்டுவிட்டேன். பெட்டிக்குள் எழுதினேன்.

இருபத்துமூன்று.